இறுதியாண்டுத் திட்டம், கூட்டு நிறுவனம், ஈர நெல்: எதை எடுப்பது?

மருதநிலா எழுதியது:

வணக்கம். தஞ்சாவூருக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். இதுவரை எங்கள் துறையில் திட்டப்பணி என்றால் கல்லூரிக்குள்ளேயே செய்து, கல்லூரிக்குள்ளேயே காட்டி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடலாம். இந்த ஆண்டு அப்படி முடியாது. வெளியே ஓர் அமைப்போடு சேர்ந்து, சுற்றுச்சூழலையும் பிழைப்பையும் ஒருசேரத் தொடும் உண்மையான சிக்கல் ஒன்றுக்குத் தீர்வு காண வேண்டும். நாங்கள் நான்கு பேர்: இருவர் மெக்கானிக்கல், ஒருவர் சிவில், ஒருவர் கணினி. எங்களுக்குக் கூட்டு நிறுவனமாக அமைந்திருப்பது திருவாரூர் மாவட்டத்தில், கொரடாச்சேரிப் பக்கம் விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்.

மூன்று யோசனைகள் வைத்திருக்கிறோம். ஒன்று நெல்லுக்கான சூரிய உலர்த்தி. அடுத்தது ஆகாயத்தாமரையிலிருந்து உரமோ எரிவாயுவோ எடுப்பது. மூன்றாவது, வயலின் நீர்மட்டத்தை அளந்து கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி. ஆவணி முடிவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். டெல்டாவில் இருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்? திட்டினாலும் பரவாயில்லை, காரணத்தோடு திட்டுங்கள்.


கடைமடைக்காரர் எழுதியது:

காரணத்தோடு திட்டச் சொல்லும் மாணவியைப் பார்த்து நெடுநாளாகிறது. அந்த மரியாதைக்காகவே எழுதுகிறேன், அம்மா.

டெல்டாவில் நெல் எப்போது ஈரமாக இருக்கிறது? குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில், மழை பிடித்துக்கொள்ளும் நேரத்தில் வருகிறது. சம்பா தையில் வருகிறது. அப்போது காலை வெகுநேரம் வரை பனி இறங்கும். வெயில் அடித்தால் நாங்கள் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்துவிடுவோம், அதற்குச் செலவே இல்லை. வெயில் இல்லாத நாளுக்குத்தான் உலர்த்தி வேண்டும். அந்த நாளில் உங்கள் சூரிய உலர்த்தியும் எங்களோடு சேர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஆகாயத்தாமரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர். அதை அள்ளி, டிராக்டரில் ஏற்றி, ஆலைக்குக் கொண்டுபோகிறவன் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறான். ஊர்க் கழிவுநீர் வாய்க்காலில் விழும்வரை அது திரும்பத் திரும்ப முளைக்கும். இன்னொன்று, எங்கள் பக்கத்துச் சிறு வாய்க்கால்களை அடைப்பதில் நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் பெரிய பங்கு உண்டு. ஆடு மாடுகள் அதில் வாய் வைக்காது, மாணவர்களும் அதில் திட்டம் வைப்பதில்லை. ஆகாயத்தாமரைக்கு ஊதாப்பூ இருக்கிறது, புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதை வெண்ணாற்றுக்காரர்கள் யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

நானே பார்த்துக்கொள்கிறேன்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வேளாண் துறையினர் சொல்லும் முறைதான் அந்தக் கருவியின் அடிப்படை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து வைப்பார்கள். அதனுள் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே போனதும் மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். தண்ணீர் மிச்சமாகும். நீர் தேங்கிய வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். அறிவியலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அது தன் கையில் மதகு இருப்பவருக்கான முறை. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். ஆற்றுப் பாசனத்தில் இருப்பவருக்கு முறை வைத்துத் தண்ணீர் வருகிறது. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தார்களா, கல்லணையில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு பிரித்தார்கள், நம் வாய்க்காலுக்கு எந்தக் கிழமை முறை என்பதையெல்லாம் கடந்து அது வயலுக்கு வர வேண்டும். வந்த அன்று கட்டிக்கொள்ளாதவனுக்கு அடுத்த முறை எப்போது என்பது உறுதியில்லை. குழாய் என்ன அளவு காட்டினாலும் அவன் வரப்பு முட்டத்தான் கட்டுவான். அதைப் பேராசை என்று எழுதிவிடாதீர்கள். அது காப்பீடு.

போதாததற்குப் பல இடங்களில் ஒரு வயலைத் தாண்டித்தான் அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகிறது. மேல்வயல்காரர் தன் வயலைக் காயப்போட்டால் கீழ்வயலும் சேர்ந்து காயும், அப்புறம் பஞ்சாயத்துதான். இந்தக் கருவியைச் செய்ய விரும்பினால் முதலில் எந்த வயலில் வைக்கப்போகிறீர்கள், அந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கைப்பேசிச் செய்தியெல்லாம் அதற்குப் பிறகு.


நீடாமங்கலம் டவுன்பஸ் எழுதியது:

ஐயாமார்களே, ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் மூன்றையும் முளையிலேயே கிள்ளி எறிகிறீர்கள். நான் சில ஆண்டுகளுக்கு முன் இதே டெல்டாவில் படித்து இன்று ஓசூரில் வேலை பார்க்கிறேன். இறுதியாண்டுத் திட்டத்தின் நோக்கம் கற்றுக்கொள்வது. உலர்த்தி ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று கற்றுக்கொள்வார்கள். மாணவர்களிடம் உலகத்தைக் காப்பாற்றச் சொல்லிவிட்டு, காப்பாற்றவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "உண்மையான சிக்கல்" என்ற பெயரில் சில அமைப்புகள் மாணவர்களைச் சம்பளமில்லாத எழுத்தர்களாக நடத்துகின்றன. உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றச் சொல்வது, நிகழ்ச்சிக்குப் பதாகை வடிவமைக்கச் சொல்வது, பார்வையாளர் வந்தால் நாற்காலி போடச் சொல்வது. மருதநிலா, முதல் நாளே அதில் தெளிவாக இருங்கள்.


கடைமடைக்காரர் எழுதியது:

டவுன்பஸ் தம்பி, கற்றுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்வதற்கான இடம் எங்கள் ஊராக இருந்தால், நாங்களும் ஒரு கட்சி ஆகிறோம் அல்லவா?

உன்னத் பாரத் அபியான் என்று 2014-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுத்து அவற்றின் சிக்கல்களில் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். அது போக நாட்டு நலப்பணித் திட்ட முகாம், வேளாண் கல்லூரிகளின் ஊரகப் பணி அனுபவம், தொண்டு நிறுவனங்களின் களப்பயிற்சி. ஒவ்வொரு பருவத்திலும் யாராவது வருகிறார்கள். எங்கள் தெருவில் கலர்க் கோலப்பொடியால் எங்கள் ஊர் வரைபடத்தை வரைந்து எங்களுக்கே காட்டுகிறார்கள். இது கோயில், இது குளம், இது ரேஷன் கடை என்று நாங்களும் கைதட்டுகிறோம். அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள் அதே தெருவில் அதே வரைபடத்தை வரைவார்கள். முந்தைய வரைபடம் எந்தக் கல்லூரியின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் வந்து நிற்கிறார்கள், மோர் கொடுத்தால் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறார்கள். எங்களிடம் கேட்ட கேள்விகளுக்கு என்ன விடை கிடைத்தது என்று திரும்பி வந்து சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.


கரும்பலகை எழுதியது:

நான் கற்பிப்பவன். இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன் என்பதால் நடுவில் நுழைகிறேன்.

கடைசிப் பருவத்தில் திட்டப்பணி வைக்கும் கல்லூரிகளில் நடப்பதைச் சொல்கிறேன். தையில் தலைப்பு, மாசியில் சாமான், பங்குனியில் கருவி. நெல்லுக்கான கருவி தயாராகும்போது களத்தில் நெல் இருக்காது. வயலில் உளுந்தும் பயறும் காய்த்துக்கொண்டிருக்கும். ஆகவே கடையில் ஐந்து கிலோ நெல் வாங்கி, தண்ணீர் தெளித்து, ஈரநெல் என்று சோதிப்பார்கள். அறிக்கையில் "வெற்றி" என்று இருக்கும். இது மாணவரின் சோம்பல் அல்ல. பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியைப் போட்டவர்கள் பயிரைக் கேட்டுப் போடவில்லை.

வெளிநாட்டில் இதை வேறு விதமாகக் கையாண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் 2009-ல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒரு நகரத்தைத் தேர்ந்துகொண்டு, அந்தக் கல்வியாண்டு முழுவதும் கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், சட்டம், வணிகம் எனப் பல துறைகளின் வகுப்புகள் அந்த நகரம் கொடுத்த வேலைகளையே எடுத்துச் செய்தன. முதலில் கிரஷாம், அடுத்து சேலம் (நம் சேலம் இல்லை, அங்கேயும் ஒன்று இருக்கிறது). இதில் எனக்குப் பிடித்த அம்சம், அந்த நகரமும் இதற்குப் பணம் போடுகிறது. காசு கொடுத்தவர் கேள்வி கேட்பார், அறிக்கையை அலமாரியில் வைக்க விடமாட்டார். நம் ஊராட்சிகளிடம் பணம் கேட்க முடியாது, தெரியும். ஆனால் கூட்டு நிறுவனம் ஏதாவது ஒன்றைப் பணயம் வைக்க வேண்டும். ஓர் ஊழியரின் வாரத்தில் அரை நாளாவது.

கனடாவில் எல்லையற்ற பொறியாளர்கள் என்ற அமைப்பு 2008 முதல் தன் திட்டங்களின் தோல்விகளைத் தொகுத்து அறிக்கையாக வெளியிட்டது. நம் கல்லூரிகளில் அப்படி ஒன்றைக் கேட்டால் துறைத்தலைவருக்கு நெஞ்சுவலி வந்துவிடும்.

மருதநிலா, உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. இப்போது ஆவணி. குறுவை அறுவடை கண்முன் நிற்கிறது, சம்பா தையில். இரண்டு அறுவடைகள் உங்கள் கல்வியாண்டுக்குள் வருகின்றன. தலைப்பு இல்லாமலே குறுவைக்குப் போய்ப் பாருங்கள். தலைப்பைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.


சிப்பம் எழுதியது:

விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஈரநெல் என்று தலைப்பைப் பார்த்ததும் வந்துவிட்டேன், பழைய பழக்கம்.

நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரை எடுக்கலாம் என்பது விதி. மழை பெய்தால் 22 வரை எடுக்கச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள், மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போகும். தளர்வு வந்து சேரும்போது பாதி நெல் முளைத்திருக்கும். இது செய்தித்தாளில் எல்லோரும் படிப்பது. படிக்காததைச் சொல்கிறேன்.

சண்டை பெரும்பாலும் மழை நாளில் வருவதில்லை. மழை நாளில் எல்லோருக்கும் தெரியும், நெல் நனைந்திருக்கிறது. 17-க்கும் 19-க்கும் நடுவில் இருக்கும் குவியலில்தான் சண்டை. விவசாயி வீட்டில் பல்லில் கடித்துப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று வண்டி வைத்துக் கொண்டுவருவார். நிலையத்து ஈரப்பதமானி 18 காட்டும். மறுபடி கொட்டு, மறுபடி கிளறு, மறுபடி ஆள்கூலி. நேற்று மாலை மேலே அள்ளிப் பார்த்தபோது 17 காட்டிய குவியல், இரவு தார்ப்பாய்க்குள் இருந்துவிட்டுக் காலையில் 18 காட்டும். எங்கள் மேல் சந்தேகப்படுவார்கள். உண்மையில் வெயிலில் மணியின் மேல்தோல் காய்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஈரம் இரவெல்லாம் மெல்ல வெளியே வரும். சுடச்சுட அள்ளி மானியில் போட்டாலும் அளவு பிசகும். குவியலின் உச்சியில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது.

என் பணிக்காலத்தில் ஒரு கல்லூரியிலிருந்தும் யாரும் வந்து "உங்கள் மானி சரியாகக் காட்டுகிறதா?" என்று கேட்டதில்லை. செயலி செய்கிறோம் என்று வந்தவர்கள் உண்டு.


இரட்டை இஞ்சின் எழுதியது:

மெக்கானிக்கல்காரன் என்ற முறையில் ஒரு கணக்கு. ஒரு டன் நெல்லை 22 சதவீதத்திலிருந்து 17-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 60 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். 780 கிலோ உலர்பொருளை 0.83-ஆல் வகுத்தால் 940 கிலோ, மீதி போனது தண்ணீர். 40 கிலோ சிப்பத்துக்கு, அதாவது ஒரு மூட்டைக்கு, 2.4 கிலோ. அந்த 60 கிலோவை ஆவியாக்க, துளி வெப்பமும் வீணாகாமல் இருந்தால்கூட, 40 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். நடைமுறையில் இதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் வண்டி என்னும் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் டன் கணக்கில் நெல்லைக் கொட்டிவிட்டுப் போகும். மாணவர் செய்யும் உலர்த்தியில் ஐம்பது கிலோ பிடிக்கும். ஆகவே கடைமடைக்காரர் வானத்தைக் காட்டி மறுத்ததை நான் கணக்கைக் காட்டி மறுக்கிறேன். உலர்த்தி வேண்டுமென்றால் உமியை எரித்து ஓடும் பெரிய இயந்திரம் வேண்டும். அது நான்கு மாணவர்களின் வேலை இல்லை, முதலீட்டாளரின் வேலை.


நீடாமங்கலம் டவுன்பஸ் எழுதியது:

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரலாற்றையும் சொல்லுங்கள். 1960-களில் இதே ஈரநெல் சிக்கலுக்கு விடை தேடி, திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலையை ஒட்டி 1967-ல் ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். 1972-ல் அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஆகி, பிறகு தஞ்சாவூருக்குப் போய், இன்று நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அன்றைக்கு யாராவது "இது உங்கள் வேலை இல்லை தம்பி" என்று சொல்லியிருந்தால்?


சிப்பம் எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது, தம்பி. அந்த ஆய்வுக்கூடம் ஆலையின் வாசலிலேயே இருந்தது. நெல் நனைந்து வந்து நின்ற இடத்தில்தான் ஆய்வு நடந்தது.


கூட்டுப்பண்ணை எழுதியது:

எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். மருதநிலாவுக்குப் புரியும். கல்லூரியிலிருந்து எங்களுக்கு வந்த கடிதத்தில் "தங்கள் நிறுவனத்தின் சிக்கல்களைத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. நாங்களும் உலர்த்தி வேண்டும், கிடங்கு வேண்டும், லாரி வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டோம். அரசுக்கு மனு எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும்.

இந்த இழையைப் படித்த பிறகு யோசித்தேன். எங்களிடம் ஓர் ஈரப்பதமானி இருக்கிறது. வாங்கியதிலிருந்து அதை யாரும் சரிபார்த்ததில்லை. உறுப்பினர்கள் வீட்டு வாசலில் அதை வைத்துப் பார்த்து 17 என்று சொல்லி அனுப்புகிறோம், நிலையத்தில் வேறு எண் வருகிறது, பழி எங்கள் மேல் விழுகிறது. எந்த மானி சரி என்று சொல்ல எங்களிடம் வழியில்லை. கல்லூரியில் இருக்கிறதா?


மருதநிலா எழுதியது:

இருக்கிறது, ஐயா. எங்கள் ஆய்வகத்தில் வெப்பக்காற்று அடுப்பும் துல்லியத் தராசும் இருக்கின்றன. நெல்லை எடைபோட்டு, 105 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் வைத்து, மறுபடி எடைபோட்டால் போன எடைதான் ஈரம். முதலாண்டில் மண்ணுக்கு அப்படிச் செய்திருக்கிறோம். அதை வைத்து உங்கள் மானியின் பிழையைக் கண்டுபிடித்து, எந்த ரகத்துக்கு எவ்வளவு கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டவணை கொடுக்க முடியும். சிப்பம் ஐயா சொன்ன உச்சிப்பிடி, அடிப்பிடி வேறுபாட்டையும், தார்ச்சாலை, சிமெண்ட் களம், தார்ப்பாய் மூன்றிலும் நெல் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யலாம்.

ஆனால் இதைக் கொண்டுபோய் வழிகாட்டியிடம் காட்டினால் "இதில் புதுமை எங்கே?" என்றுதான் கேட்பார். கருவி எதுவும் இல்லை, மேடையில் வைத்துக் காட்ட ஒன்றுமில்லை.


கரும்பலகை எழுதியது:

கேட்பார். மதிப்பீட்டுத் தாளில் "புதுமை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "கூட்டு நிறுவனம் இதை அடுத்த ஆண்டும் பயன்படுத்துமா" என்று ஒரு கட்டம் இல்லை. இந்த ஒன்றை மாற்றினாலே பாதித் திட்டங்களின் முகம் மாறிவிடும் என்று நான் துறைக்கூட்டங்களில் சொல்லி வருகிறேன், தேநீர் வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது.

உங்கள் கணினித் தோழரைக் கொண்டு ஒரு வழி செய்யலாம். பதிவுகளை வைத்து, இன்று மாலை இந்த அளவு ஈரமும் இந்த வானிலையும் இருந்தால் நாளை எத்தனை மணிக்கு 17-க்கு வரும் என்று கணிக்கச் சொல்லுங்கள். அது வேலை செய்தால் பரிசு. செய்யாவிட்டாலும் அட்டவணை நிற்கும்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஒரு சங்கடமான கேள்வி. நிறுவனத்தின் மானி சரி, நிலையத்தின் மானிதான் பிசகு என்று வந்தால் என்ன செய்வீர்கள்? அது கல்லூரி ஆய்வு என்ற எல்லையைத் தாண்டி மறியலுக்குப் போகும். நாளைக்கே சங்கத்துக்காரர்கள் உங்கள் அட்டவணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போவார்கள். தரவு யாருடையது, யார் வெளியிடலாம் என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


சிப்பம் எழுதியது:

நியாயமான பயம். அதனால் இரண்டு மானிகளையும் ஒரே மேசையில் வைத்து, நிலைய ஊழியர் முன்னிலையில், ஒரே பையிலிருந்து எடுத்த நெல்லைப் பார்க்க வேண்டும். ஒளித்துச் செய்தால் அங்கே இருப்பவர் விரோதியாகிவிடுவார். அவரும் பாவம், கொஞ்சம் ஈரமாக எடுத்தால் கிடங்கில் எடை குறையும், அந்த இழப்புக்கு அவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள். எடுக்காவிட்டால் வாசலில் கூச்சல். சரியான மானி அவருக்கும் கவசம்தான். மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், வாய்வார்த்தை போதாது.


நெறியாளர்:

மேட்டூர், கர்நாடகா, உச்ச நீதிமன்றம் பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கோபம் புரிகிறது. காவிரியில் நமக்கு ஒதுக்கப்பட்ட 177.25 டிஎம்சி பற்றிப் பேச அந்த இழை திறந்தே இருக்கிறது.


முத்துப்பேட்டை அலையாத்தி எழுதியது:

கருவி இல்லாமல் பெரிய வேலை நடந்ததற்கு எங்கள் ஊர்ப்பக்கமே சாட்சி. அலையாத்திக் காட்டைப் பழைய காலத்தில் பட்டை பட்டையாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, மண் அமுங்கி, பள்ளமாகி, ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் நின்று உப்பு கரித்துப்போனது. கன்று நட்டால் பிழைக்காது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து 1990-களில் செய்தது வாய்க்கால் வெட்டியதுதான். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள், மீன்முள் வடிவம். கடல் ஓதம் ஏறவும் வடியவும் வழி கிடைத்ததும் நட்ட கன்று நின்றது. அதற்கு முன்னால் காடு ஏன் செத்தது என்று பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் அந்த வேலையில் கடினமான பகுதி.


கடைமடைக்காரர் எழுதியது:

வாய்க்கால் என்றதும் எனக்கு வாய் ஊறுகிறது. சிவில் படிக்கும் பிள்ளை சும்மாவா இருக்கப்போகிறார்?

டெல்டா என்றால் எல்லோரும் தண்ணீர் வருவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கடைமடையில் எங்களைக் கொல்வது தண்ணீர் போகாதது. கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் கழுத்தளவு நீரில் நாள்கணக்கில் நிற்கும். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு போன்ற பெரிய ஆறுகளில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வேலை நடந்தது. அவற்றில் கொண்டுபோய் விடும் ஊர் வடிகால்களைத்தான் கேட்பாரில்லை. நூறு நாள் வேலையில் வெட்டுவார்கள். ஆனால் மட்டம் பார்க்காமல் வெட்டுவதால் ஓரிடத்தில் ஆழம், அடுத்த இடத்தில் மேடு. தண்ணீர் ஓடாமல் குட்டை குட்டையாக நிற்கும். இந்த நிலத்தில் சரிவே மிகக் குறைவு, கண்ணால் பார்த்தால் எந்தப் பக்கம் சரிவு என்றே தெரியாது.

கல்லூரியில் மட்டம் பார்க்கும் கருவி இருக்குமே? முக்காலியில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்களே, அது. ஒரு வடிகாலின் தலையிலிருந்து வாய் வரை அடிமட்டம் எடுத்து, எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும் என்று ஒரு நெடுக்குவெட்டுப் படம் போட்டு ஊராட்சித் தலைவர் கையிலும் பணித்தளப் பொறுப்பாளர் கையிலும் கொடுத்தால், அதே கூலியில் அதே ஆட்கள் வெட்டும் வடிகால் ஓடும். கோலப்பொடி வரைபடத்தை மறந்துவிட்டு இதை வரைந்து கொடுங்கள். நான் ஊருக்கே விருந்து போடுகிறேன்.


நீடாமங்கலம் டவுன்பஸ் எழுதியது:

இப்போது நான் கேட்கிறேன். மானியைச் சரிபார்ப்பது, மட்டம் எடுப்பது. இரண்டுமே அரசுத் துறைகள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலைகள். அவர்கள் செய்யாததை மாணவர் இலவசமாகச் செய்தால், நாளைக்கு "கல்லூரிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அவர்கள் கையைக் கழுவிவிட மாட்டார்களா?


கரும்பலகை எழுதியது:

கழுவக்கூடும். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பாதி விடை: ஒரு முறை செய்து காட்டி, செய்முறையை எழுதிக் கொடுத்துவிட்டு, செலவு இவ்வளவுதான் என்று காட்டினால், அடுத்த முறை அந்தத் துறையிடம் கேட்க ஊருக்கு ஒரு தாள் இருக்கும். ஆண்டுதோறும் மாணவர்களே போய்ச் செய்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.


மருதநிலா எழுதியது:

நால்வரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். உலர்த்தியையும் ஆகாயத்தாமரையையும் விட்டுவிட்டோம். நீர்மட்டக் கருவியை விடக் கணினித் தோழருக்கு மனமில்லை. இந்த இழையைப் படிக்கச் சொன்னேன், வெண்ணாற்றங்கரை ஐயாவின் பதிவுக்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

குறுவை அறுவடைக்கு மானிச் சோதனை. இரண்டு மெக்கானிக்கலும் கணினியும் அதில். சிவில் தோழர் ஒரே ஒரு வடிகாலை, பருவமழைக்கு முன் மட்டம் எடுக்கிறார். கடைமடை ஐயா, உங்கள் ஊர் எங்களுக்குத் தூரம், ஆகவே கொரடாச்சேரிப் பக்கத்து வடிகால்தான். விருந்தை இங்கே மாற்ற முடியுமா என்று பாருங்கள். தையில் சம்பா வரும்போது அதே அட்டவணையை மறுபடி சோதிப்போம், முதல்முறை தவறாக இருந்தால் அப்போது தெரியும். தரவு நிறுவனத்துக்கும் எங்களுக்கும் பொது, நிலையத்தைப் பற்றிய எண்களை இரு தரப்பும் பார்க்காமல் வெளியிடுவதில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம்.

வழிகாட்டி "புதுமை எங்கே" என்று கேட்டார். எதிர்பார்த்தபடியே. கரும்பலகை ஐயா சொன்ன கணிப்பைச் சொன்னதும் "சரி, முதல் மீளாய்வில் பார்க்கலாம்" என்றார். அதற்குமேல் நகரவில்லை.


கூட்டுப்பண்ணை எழுதியது:

எங்கள் பக்கத்திலிருந்து ஓர் ஊழியரை வாரம் அரை நாள் ஒதுக்க இயக்குநர் குழுவில் பேசிவிட்டேன். உறுப்பினர் பட்டியலை ஏற்றச் சொல்ல மாட்டோம், டவுன்பஸ் தம்பி கவலைப்பட வேண்டாம். பதாகை மட்டும் ஒன்று வேண்டும், அதை நாங்களே அடித்துக்கொள்கிறோம்.

இரண்டு ரகங்கள் முதலில் அறுவடைக்கு வரும். மாதிரிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, அன்றே உங்கள் அடுப்புக்குக் கொண்டுபோக யாராவது வண்டியோடு வாருங்கள்; மறுநாள் ஆனால் ஈரம் மாறிவிடும்.


சிப்பம் எழுதியது:

பையில் ரகம், வயல், நேரம், குவியலில் எந்த இடம் என்று உடனே எழுதுங்கள். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால் எல்லாப் பையும் ஒன்றுபோல இருக்கும். பென்சிலால் எழுதிய சீட்டைப் பைக்குள்ளே போடுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். மானிக்குப் புது பேட்டரியும் வாங்கிக்கொள்ளுங்கள், பாதிப் பிழை அதில்தான் இருக்கும்.